தப்பா அடிக்கிறவங்களுக்காக ஒரு பட்டர்

மக்களே, இந்த மாசம் ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியரோட கதை. அதுவும் டிகிரியை முடிக்காத மெக்கானிக்கல் இன்ஜினியர். பேரு கார்ஸ்டன் சோல்ஹைம். நம்மில் பலர் பிறக்குறதுக்கு முன்னாடியே, 2000 பிப்ரவரியில், 88 வயசுல இறந்துட்டார். கோல்ஃப் ஆடுறவங்க யார்கிட்ட வேணா கேட்டுப் பாருங்க, பிங் கம்பெனியைத் தெரியாதவங்க இருக்க மாட்டாங்க. அதை ஆரம்பிச்சவர் இவர்தான்.

கோல்ஃபா, அது பணக்காரங்க ஆட்டமாச்சே, நமக்கு எதுக்குன்னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. செகண்ட் இயர்ல நாம முட்டி மோதிப் படிச்ச மொமென்ட் ஆஃப் இனர்ஷியா இருக்கே, அதை வச்சு ஒரு மனுஷன் ஒரு விளையாட்டையே மாத்தின கதை இது. கூடவே, யாராவது உங்க கையில ஒரு பட்டரைக் கொடுத்தா அது உங்களுக்கு ஒத்து வருமா வராதான்னு பார்க்கவும் இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள கத்துக்குவீங்க.

முதல்ல பட்டர்னா என்ன?

கோயில் பட்டரும் இல்ல, பிரெட்ல தடவுற பட்டரும் இல்ல. கோல்ஃப்ல பந்தைத் தூரமா தூக்கி அடிக்க ஒரு வகைக் குச்சி, நடுத்தர தூரத்துக்கு வேற குச்சி. பந்து கடைசியில குழி இருக்கிற வழவழப்பான புல்தரைக்கு, அதாவது கிரீனுக்கு வந்ததும், அதை மெதுவா உருட்டி குழிக்குள்ள தள்ளுற குச்சிதான் பட்டர்.

பார்க்க ரொம்ப சுலபமான வேலை மாதிரி தெரியும். ஆனா கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு முழு ஆட்டத்துக்கு 18 குழி. பார் 72ன்னு சொல்ற மைதானத்துல, ஒவ்வொரு குழிக்கும் ரெண்டு தடவை பட்டர் அடி ஆகும்னு வச்சுத்தான் அந்த 72ஐயே போடுறாங்க. அப்படின்னா 36 அடி, மொத்தத்துல சரிபாதி. 250 மீட்டர் பறக்குற அடியும் ஒண்ணுதான், ரெண்டடி தூரம் உருளுற அடியும் ஒண்ணுதான்.

குழியோட விட்டம் 108 மில்லிமீட்டர். நடுவில இருந்து விளிம்பு வரைக்கும் 54. சமதளமான தரையில 3 மீட்டர் தள்ளி நின்னு அடிக்கிறீங்கன்னு வைங்க. டான் தீட்டா போட்டுப் பார்த்தா, பந்து சுமார் 1 டிகிரி விலகினாலே குழியோட விளிம்புக்குப் போயிடும். அடிக்கிற நொடியில பட்டரோட முகம் எந்தப் பக்கம் பார்த்திருக்கோ, பந்து பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் கிளம்பும். ஆக, இந்த ஆட்டத்தோட பாதி அந்த 1 டிகிரிக்குள்ளதான் இருக்கு.

இந்த 1 டிகிரிதான் சோல்ஹைமைத் தூங்க விடல.

செருப்புக் கடையில் இருந்து ராக்கெட் வரை

1911 செப்டம்பர் 15, நார்வே நாட்டின் பெர்கன் நகரம். அங்கதான் பிறந்தார். கைக்குழந்தையா இருக்கும்போதே குடும்பம் அமெரிக்காவுல இருக்கிற சியாட்டிலுக்குக் குடிபெயர்ந்துடுச்சு. அப்பாவுக்கு ஷூ தைக்கிற, ரிப்பேர் பண்ற தொழில்.

பையனுக்கு இன்ஜினியர் ஆகணும்னு ஆசை. 1931ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல மெக்கானிக்கல் சேர்ந்தார். அது பெருமந்த காலம். ஊரெல்லாம் வேலையில்லாத் திண்டாட்டம். ஒரு வருஷம் ஓடுச்சு, அதுக்கு மேல ஃபீஸ் கட்டப் பணம் இல்ல. படிப்பை விட்டுட்டு அப்பாவோட தொழிலுக்கே வந்துட்டார். அடுத்து பல வருஷம் மத்தவங்களோட பிஞ்சுபோன ஷூவைச் சரி பண்றதுதான் வேலை. 1936ல் லூயிஸைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, கதையில திரும்ப வருவாங்க.

ஷூ கடையில அவர் என்ன கத்துக்கிட்டார்னு நான் சொல்லத் தேவையில்ல. ஒரு செருப்பு எந்தப் பக்கம் தேயுதோ, அந்த ஆள் நடக்குற விதத்தை அது அப்படியே காட்டிக் கொடுத்துடும். யாரும் திட்டம் போட்டு கோணலா நடக்குறதில்ல. கோணலா நடக்குற காலுக்கும் செருப்பு நிக்கணும், அவ்வளவுதான்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் அமெரிக்காவுக்கு இன்ஜினியர்கள் அவசரமா தேவைப்பட்டாங்க. சோல்ஹைம் வேலை பார்த்துக்கிட்டே குறுகிய காலப் பாடங்கள் படிச்சு, சான் டியேகோவுல ரயன் ஏரோநாட்டிக்கல் கம்பெனிக்குள்ள நுழைஞ்சார். விமான வேலை. போர் முடிஞ்ச பிறகு கொஞ்ச காலம் பாத்திரம் விக்கிற சேல்ஸ்மேனாகூட இருந்திருக்கார். திரும்பவும் இன்ஜினியரிங்குக்கு வந்து கான்வேர் கம்பெனியில ஏவுகணை வேலை. 1953ல் ஜெனரல் எலெக்ட்ரிக், சுருக்கமா ஜி.இ. அந்தக் காலத்துல டிவி பெட்டி மேல ரெண்டு கொம்பு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிற ஆண்டெனாவைப் பழைய படங்கள்ல பார்த்திருப்பீங்க. ஜி.இ-யோட போர்ட்டபிள் டிவிக்காக அந்த ஆண்டெனாவை வடிவமைச்சதுல இவர் பங்கு உண்டு.

டிகிரி இல்லாத ஆள், 40 வயசைத் தாண்டிட்டார், நல்ல கம்பெனியில நிலையான வேலை. நம்ம வீட்ல கேட்டா, செட்டில் ஆயிட்டார்னு சொல்வாங்க.

42 வயசுல ஒரு புது ஆட்டம்

நியூயார்க் மாநிலத்துல இதாக்கான்னு ஒரு ஊர். அங்க ஜி.இ-ல கூட வேலை பார்த்தவங்க கோல்ஃப் ஆடுவாங்க. ஆள் குறையுதுன்னு இவரையும் கூப்பிட்டாங்க. அப்போ அவருக்கு 42 வயசு. போய் ஆடினார். மத்த அடியெல்லாம் சீக்கிரமே கைக்கு வந்துடுச்சு. கிரீனுக்கு வந்ததும்தான் பிரச்சினை. பந்து குழிக்குப் பக்கத்துல போய் நின்னு வேடிக்கை பார்க்கும்.

இந்த இடத்துல நீங்களும் நானும் என்ன பண்ணுவோம்? இன்னும் பிராக்டிஸ் பண்ணணும்னு நினைப்போம். இல்லைன்னா, நமக்கு இது வராதுன்னு விட்டுடுவோம். அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க. பட்டர் அடிக்கிறது பிறவியிலேயே வர்ற கை நளினம், கருவிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு ஒரு நம்பிக்கை.

சோல்ஹைம் தன் கையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி பட்டரைப் பார்த்தார். அப்போ இருந்த பட்டர்கள்ல பெரும்பாலானவை மெல்லிய இரும்புப் பட்டைதான். பிளேடுன்னு சொல்வாங்க. பந்து சரியா நடுவில பட்டா நேரா போகும். நடுவை விட்டுக் கொஞ்சம் நுனிப் பக்கமோ அடிப் பக்கமோ பட்டா, பட்டரோட தலை சட்டுனு திரும்பிடும். கிரிக்கெட் பேட்ல ஓரத்துல பந்து பட்டதும் கைக்குள்ள பேட் சுழலுமே, அதே கதை. அங்க போயிடுச்சு அந்த 1 டிகிரி. கூடவே வேகமும் குறையுது, அதனால பந்து குழி வரைக்கும் போய்ச் சேர்றதும் இல்ல.

அதுக்கு அவர் கண்ட தீர்வு, எடையை நடுவில இருந்து எடுத்து ரெண்டு ஓரத்துக்கும் தள்ளுறது.

கயிறு மேல நடக்குற கழைக்கூத்தாடி எதுக்குக் கையில நீளமான கம்பு வச்சிருக்கார்? எடை ரெண்டு பக்கமும் தூரத் தூர இருந்தா, திருப்புறது கஷ்டம். லேசா ஆடினாலும் கம்பு உடனே சுழலாது, சமாளிக்க நேரம் கிடைக்கும். பட்டருக்கும் அதேதான். ஐ சமம் எம் ஆர் ஸ்கொயர். 300 கிராம் எடையை ரெண்டா பிரிச்சு, நடுவில இருந்து 2 செ.மீ. தள்ளி வச்சா 1200 கிராம் செ.மீ. ஸ்கொயர். அதே 300 கிராமை 5 செ.மீ. தள்ளி வச்சா 7500. எடை ஒரு கிராம்கூட கூடல, ஆனா திரும்பாம எதிர்த்து நிக்கிற குணம் ஆறு மடங்குக்கு மேல கூடிடுச்சு. இது படம் போட்டுக் காட்டுறதுக்கான எளிய கணக்குதான். நிஜ பட்டர்ல எடை இப்படி ரெண்டு புள்ளியா நிக்காது. ஆனா தத்துவம் இதுதான்.

சோல்ஹைம் முதல்ல இதை எதுல செஞ்சு பார்த்தார் தெரியுமா? சர்க்கரைக் கட்டியும் ஐஸ் குச்சியும். ரெண்டு சர்க்கரைக் கட்டிக்கு நடுவில குச்சிகளை ஒட்டி ஒரு மாடல். த்ரீ டி பிரிண்டர் எல்லாம் இல்லாத காலம்.

காராஜில் கேட்ட சத்தம்

இதுக்குள்ள வேலை மாற்றலாகி கலிஃபோர்னியா வந்துட்டாங்க. பகல்ல ஜி.இ வேலை, ராத்திரி ரெட்வுட் சிட்டி வீட்டு காராஜ்ல பட்டர் வேலை. 1959ல் அங்க உருவானதுதான் முதல் மாடல், ஒன்-ஏ. எடையை ஓரத்துக்குத் தள்ள, தலையில இடுக்கு விட்டுச் செதுக்கியிருந்ததால, பந்து பட்டதும் இசைக்கவை தட்டின மாதிரி பிங்குன்னு ஒரு சத்தம். அந்தச் சத்தமே பேரா ஆயிடுச்சு.

விக்கிறதுதான் பாடு. போட்டி நடக்குற இடத்துக்கெல்லாம் போய், பிராக்டிஸ் கிரீன் ஓரமா நின்னு, ப்ரோ ஆட்டக்காரங்ககிட்ட ஒரு தடவை அடிச்சுப் பாருங்கன்னு கெஞ்சாத குறை. விநோதமான வடிவம், மணி அடிக்கிற மாதிரி சத்தம். நிறைய பேர் சிரிச்சுட்டுப் போயிட்டாங்க.

அவர் விடல. ஜி.இ அவரை அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸுக்கு மாத்துச்சு. 1966 ஜனவரியில வீட்ல இருக்கும்போது திடீர்னு ஒரு யோசனை. பக்கத்துல கிடந்த கிராமஃபோன் ரெக்கார்ட் உறை மேலயே வரைஞ்சார். ரெண்டு ஓரத்துலயும் எடை, பின்னாடி நடுவில பள்ளம், குச்சி தலையோட சேர்ற இடத்துல குழாய் வளைவு மாதிரி ஒரு கழுத்து. அந்தக் கழுத்தால கை பந்துக்கு லேசா முன்னாடி நிக்கும், பார்வையும் மறைக்காது. பட்டர் பிரச்சினைக்கு இதுதான் விடைன்னு, ஆன்ஸர்னு பேர் வைக்கச் சொன்னது லூயிஸ். அந்த இங்கிலீஷ் வார்த்தை பட்டர் மேல பொறிக்க நீளமா இருந்ததால, வாசிக்கும்போது காணாமப் போற டபிள்யூ எழுத்தை எடுத்துடலாம்னு யோசனை சொன்னதும் அவங்கதான்.

அதே வருஷக் கடைசியில பெரிய அடி. அமெரிக்க கோல்ஃப் சங்கம், கைப்பிடிக்குக் கீழ குச்சி வளைஞ்சிருக்கிற பட்டர்கள் செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. அதுவரைக்கும் இவர் செஞ்ச மாடல்கள்ல பெரும்பாலானதும் ஒரே நாள்ல அவுட். தப்பிச்சது ஆன்ஸர்.

இந்த நிலைமையிலதான், 1967ல், 55 வயசுல ஜி.இ வேலையை விட்டுட்டு ஃபீனிக்ஸ்ல சொந்தக் கம்பெனி ஆரம்பிக்கிறார். ரிட்டயர்மென்ட் பத்தி யோசிக்க வேண்டிய வயசு. நல்லவேளை, அந்த வருஷம் ஃபீனிக்ஸ் ஓப்பன் போட்டியில ஜூலியஸ் போரோஸ் ஆன்ஸர் பட்டரை வச்சு ஜெயிச்சார். 1969ல் ஜார்ஜ் ஆர்ச்சர் மாஸ்டர்ஸ் பட்டமே வாங்கினார். முன்னாடி சிரிச்ச ப்ரோக்கள் கேட்டு வாங்க ஆரம்பிச்சாங்க.

பிறகு எடையை ஓரத்துக்குத் தள்ளுற அதே யோசனையை மத்த குச்சிகளுக்கும் கொண்டு போனார். 1980கள்ல அவரோட ஐ-2 இரும்புக் குச்சிகள்ல இருந்த வரிப்பள்ளங்களோட இடைவெளி பத்தி சங்கத்தோட மறுபடி சண்டை. 1989ல் 100 மில்லியன் டாலர் கேட்டு வழக்கு போட்டார். அடுத்த வருஷம் ரெண்டு தரப்பும் சமாதானம் ஆச்சு. ஏற்கெனவே வித்த குச்சிகள் செல்லும், புதுசா செய்யறதை மாத்திக்கணும்னு முடிவு. அதே 1990ல் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில பெண்களுக்கான சோல்ஹைம் கோப்பை தொடங்குச்சு. இன்னிக்கும் பெண்கள் கோல்ஃப்ல அது பெரிய போட்டி.

சரி, உங்க கைக்கு எந்த பட்டர்?

இன்னிக்குக் கடையில போனா நூறு வடிவம் இருக்கும். குழம்ப வேண்டாம், மூணு குடும்பம்தான். ஒண்ணு, பழைய மெல்லிய பிளேடு. ரெண்டு, ஆன்ஸர் மாதிரி ஓரத்துல எடை வச்சது. மூணு, பின்பக்கம் நீண்டு அரைவட்டமாவோ சதுரமாவோ பெருசா இருக்கிற மாலட். திரும்பாம எதிர்க்கிற குணம் பொதுவா இந்த வரிசையிலதான் கூடிக்கிட்டே போகும்.

முதல் சோதனை: பட்டரோட முகத்துல கொஞ்சம் டால்கம் பவுடரைப் பூசிட்டு, 3 மீட்டர்ல இருந்து இருபது தடவை அடிங்க. பந்து பட்ட தடம் தெரியும். எல்லாம் நடுவில குவிஞ்சு இருந்தா பிளேடுகூட போதும். பந்து பட்ட உணர்வு அதுல கைக்கு நல்லா தெரியுதுன்னு பலர் விரும்புறாங்க. தடம் அங்கங்க சிதறிக் கிடந்தா ஓர எடை பட்டர் இல்ல மாலட் பக்கம் போங்க.

ரெண்டாவது: குச்சியை ஒரு விரல் மேல படுக்கை வசமா வச்சு பேலன்ஸ் பண்ணுங்க. முகம் வானத்தைப் பார்த்து நின்னா ஒரு வகை. நுனி கீழ தொங்கினா இன்னொரு வகை. நீங்க பட்டரைக் கடிகார ஊசல் மாதிரி நேர்கோட்டுல முன்னும் பின்னும் ஆட்டுறவரா இருந்தா முதல் வகை, கதவு திறந்து மூடுற மாதிரி லேசான வளைவுல ஆட்டுறவரா இருந்தா ரெண்டாவது வகைன்னு ஒரு பொது வழக்கம். ஆன்ஸர் வடிவத்துல நுனி ஓரளவுதான் தொங்கும், ரெண்டுக்கும் நடுவில. அது இத்தனை பேருக்கு ஒத்து வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

மூணாவது நீளம். 33ல இருந்து 35 அங்குலம் வரைக்கும்தான் கடையில அதிகம் கிடைக்கும். இயல்பா குனிஞ்சு நின்னா உங்க கண் பந்துக்கு மேலயோ, உங்க பக்கமா கொஞ்சம் உள்ளயோ இருக்கணும். பட்டருக்காக நீங்க வளையக் கூடாது.

ஒரு உண்மையையும் சொல்லிடணும். மொமென்ட் ஆஃப் இனர்ஷியா, நடுவை விட்டுப் பட்ட அடியைத்தான் மன்னிக்கும். நீங்க ஆரம்பத்துலயே முகத்தை 2 டிகிரி தப்பா திருப்பி வச்சிருந்தா, நல்ல பட்டர் அந்தத் தப்பான திசைக்கே நேர்த்தியா அனுப்பி வைக்கும். கிரீனோட சரிவை உங்களுக்குப் பதிலா அது படிக்கவும் படிக்காது.

அவர் யாருக்காக டிசைன் பண்ணார்?

டைகர் உட்ஸ் ஜெயிச்ச 15 மேஜர் பட்டங்கள்ல 14, வேற கம்பெனி பட்டரால வந்தது. ஆனா அதோட உருவத்தைப் பாருங்க, 1966ல் ரெக்கார்ட் உறை மேல வரைஞ்ச அதே குடும்பம். ஃபீனிக்ஸ்ல பிங் கம்பெனிக்குள்ள ஒரு பெட்டக அறை இருக்கு. தங்களோட பட்டரை வச்சு யாராவது பெரிய போட்டியில ஜெயிச்சா, தங்க முலாம் பூசின பட்டர் ரெண்டு செய்வாங்க. ஒண்ணு ஜெயிச்சவருக்கு, ஒண்ணு அந்த அறைக்கு.

ஆனா எனக்கு சோல்ஹைம் முக்கியமா படுறது அந்தத் தங்க அறைக்காக இல்ல. உலகத்துல சிறந்த ஆட்டக்காரர் நடுவில அடிக்கும்போது எந்த பட்டரும் நல்லாத்தான் போகும். இவர் யோசிச்சது நடுவை விட்டு அடிக்கிறவரைப் பத்தி. அதாவது 42 வயசுல கோல்ஃப் கத்துக்க வந்த, கை கொஞ்சம் தடுமாறுற தன்னை மாதிரி ஆளைப் பத்தி. கடைசியில சாம்பியன்களும் அதையே வாங்கினாங்க, ஏன்னா பிரஷர்ல அவங்க கையும் தடுமாறும்.

நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்டை யோசிச்சுப் பாருங்க. ரிவ்யூ அன்னிக்கு எந்த பட்டனை எந்த வரிசையில அழுத்தினா வேலை செய்யும்னு நமக்குத் தெரியும், அதை மட்டும் அழுத்திக் காட்டுவோம். வேற யாராவது தப்பா அழுத்தி அது நின்னுட்டா, யூஸ் பண்ணத் தெரியலைன்னு அவங்க மேல பழியைப் போட்டுடுவோம். ஆறு மாசத்துல நம்மில் பாதிப் பேர் வேலைக்குப் போயிடுவோம். நாம செய்யப் போற மெஷினை நைட் ஷிஃப்ட்ல தூக்கக் கலக்கத்தோட ஒருத்தர் இயக்குவார். நாம எழுதப் போற ஆப்பைக் கண்ணாடி போட மறந்த ஒரு தாத்தா திறப்பார். அவங்க எல்லாரும் நடுவை விட்டுத்தான் அடிப்பாங்க.

அதனால அடுத்த தடவை டெஸ்ட் பண்ணும்போது, உங்க ப்ராஜெக்ட் பத்தி ஒண்ணுமே தெரியாத ஒருத்தரைக் கூப்பிட்டு உட்கார வைங்க. எதுவும் சொல்லிக் கொடுக்காதீங்க. அவர் எங்க தப்பு பண்றார்னு நோட்டுல குறிச்சுக்கோங்க. எடையை எந்தப் பக்கம் தள்ளணும்னு அந்த நோட்டு சொல்லும்.